மரச்செதுக்கலிலிருந்து ஃபைபர் மோல்டு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைச் செப்பனிடும்போது, வளவை (உள் முற்றத்தை) சுற்றி ஓடும் பூவேலைப் பலகைகளில் சில கரையானுக்குப் போயிருக்கும், சில ஓட்டு ஒழுக்கில் இற்றிருக்கும். அதே பூவேலையைப் பர்மா தேக்கில் செதுக்கித் தர ஆள் கிடைத்தால் அதுவே முதல் வழி. கிடைக்காத இடத்தில், நல்ல நிலையில் இருக்கும் பலகை ஒன்றை மாதிரியாக வைத்து ஃபைபர் கிளாஸில் மோல்டு (வார்ப்பு அச்சு) எடுத்து, விட்டுப்போனவற்றை வார்த்துக்கொள்ளலாம்.

மோல்டு கெட்டால் போவது ரெசினும், மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பும், இரண்டு நாள் கூலியும். மாதிரிப் பலகையில் ஒரு இதழ் பெயர்ந்தால் அது போனதுதான். ஆகவே கீழே எங்கெல்லாம் மோல்டா, பலகையா என்ற கேள்வி வருகிறதோ அங்கெல்லாம் மோல்டை விட்டுக்கொடுக்கும் வழியையே சொல்லியிருக்கிறோம்.

வேலையில் இறங்குமுன் இரண்டு விஷயம். நிலையின் இரு பக்கமும் நிற்கும் குதிரை, யாளி, கிளி எல்லாம் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். இடப்பக்கத்து உருவிலிருந்து எடுத்த மோல்டு இடப்பக்கத்து உருவையே திரும்பத் தரும்; வலப்பக்கத்துக்கு அது உதவாது. இரண்டாவது, போதிகை போலப் பாரம் தாங்கும் உறுப்புக்கு ஃபைபர் நகல் வெறும் மேலுறைதான். உள்ளே மரமோ இரும்போ பாரத்தை ஏற்க வேண்டும்.

சரியாகப் போனால் வேலை எப்படி இருக்கும்

கணக்குக்கு 2 அடிக்கு 3 அடி பலகை, செதுக்கல் ஆழம் ஒரு அங்குலத்துக்குள் என்று வைத்துக்கொள்வோம். தட்டையாக அளந்தால் அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல். பூவேலையின் மேடு பள்ளத்தையும் சுற்றிலும் 75 மி.மீ. ஃப்ளாஞ்சையும் (மோல்டின் விளிம்புப் பட்டையையும்) சேர்த்தால் 1.1 சதுர மீட்டர் வரும். இதற்கு மோல்டின் முகமாக அமையும் முதல் பூச்சான டூலிங் ஜெல்கோட் 1 கிலோ, மேட் மொத்தம் 2.3 கிலோ (சதுர மீட்டருக்கு 300 கிராம் மேட் ஒரு அடுக்கு, 450 கிராம் மேட் நான்கு அடுக்கு), ஐசோ வகைப் பாலியஸ்டர் ரெசின் 6 கிலோ. மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் என்பது கணக்கு. முடிவில் மோல்டின் கனம் 5 மி.மீ. அளவில் நிற்கும்.

வரிசை இது: பலகையைத் துடைத்துக் காயவிடுதல், அரக்கு பாலிஷ் மூன்று கை (பூச்சு), மோல்டு வேக்ஸ் ஆறு கை, பி.வி.ஏ. (ஒட்டாமல் பிரிய உதவும், தண்ணீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால் படலம்) மெல்லியதாக மூன்று கை, ஜெல்கோட் இரண்டு கை, 300 கிராம் மேட் ஒரு அடுக்கு போட்டு ஓர் இரவு விடுதல், மறுநாள் 450 மேட் இரண்டிரண்டாக, பிறகு பின்புறச் சட்டம், குறைந்தது மூன்று நாள் பலகையிலேயே கிடத்தல், கழற்றுதல். வேக்ஸ் ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டு, பருத்தித் துணியால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். கடைசிக் கைக்குப் பிறகு ஓர் இரவு. செதுக்கலின் பள்ளங்களுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் நன்றாக உதவும்.

அண்டர்கட் (அடியில் உள்வாங்கிக் குடைந்த இடம்) இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு நேரான குச்சியைப் பலகைக்குச் செங்குத்தாகப் பிடித்து, பூவேலையின் ஓரம் ஓரமாக நகர்த்துங்கள். குச்சி மேலே தட்டி, அடியில் இடைவெளி தெரிந்தால் அங்கே மோல்டு மாட்டிக்கொள்ளும். சின்ன இடைவெளியை மாடலிங் களிமண்ணால் அடைக்கலாம். யாளியின் வாய், பின்னிய கொடி என்று உள்ளே வளைந்து போனால் கெட்டியான ஃபைபர் மோல்டு வேண்டாம். 5, 6 மி.மீ. கனத்துக்கு சிலிக்கோன் ரப்பர் தோல் எடுத்து, அதன் மேல் ஃபைபரில் கூடு கட்டுங்கள். முகப்பின் மேலே இருக்கும் சுதைப் பொம்மைகளுக்கும் இதே முறைதான். சுண்ணாம்புச் சுதையின் மேல் நேராக ஃபைபர் போட்டால் கழற்றும்போது மூக்கும் விரலும் மோல்டோடு வந்துவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி, தவறாமல் படிக்க வேண்டியது. ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேராகக் கலக்கக் கூடாது. சட்டென்று பொங்கித் தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி, அதன் பிறகே ஹார்ட்னர். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி அணியாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் நெடிக்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், துணி கட்டினால் நிற்காது. பட்டாலை குளிர்ச்சியாக இருக்கிறதென்று வீட்டுக்குள் வேலை செய்ய ஆசை வரும். கூடாது. நெடி நாள்கணக்கில் சுவரிலும் மரத்திலும் தங்கும். காற்றோட்டமான கொட்டகை நிழலே சரி.

பி.வி.ஏ. நிற்காமல் முத்து முத்தாக ஒதுங்குகிறது

வேக்ஸிலுள்ள கரைப்பான் இன்னும் ஆவியாகவில்லை, அல்லது தேய்த்துப் பளபளப்பாக்கவில்லை, அல்லது முதல் கையே தடிமனாகப் போட்டுவிட்டீர்கள். ஈரத் துணியால் பி.வி.ஏ.வைத் துடைத்தெடுத்து, காயவிட்டு, வேக்ஸை மறுபடி தேய்த்து, ஓர் இரவு கழித்துத் தொடங்குங்கள். முதல் கையை ஸ்பாஞ்சால் தொட்டும் தொடாமலும் ஒற்றி, அது காய்ந்த பிறகு அடுத்த கை.

இத்தனை செய்தும் ஒதுங்கினால் வேக்ஸில்தான் கோளாறு. கார் பாலிஷ் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். அதை மினரல் டர்பன்டைன் தொட்ட துணியால் முழுக்க எடுத்துவிட்டு, ஃபைபர் வேலைக்கென்றே விற்கும் கார்னூபா வேக்ஸுக்கு மாறுங்கள்.

பள்ளத்தில் தேங்கும் பி.வி.ஏ. இன்னொரு தொல்லை. இதழ்களின் அடியில் குளமாக நின்று, காய்ந்ததும் தோலாகச் சுருங்கிக் கிளம்பும், நுணுக்கத்தையும் மூடிவிடும். ஒவ்வொரு கைக்கும் பிறகு உலர்ந்த சிறு பிரஷ்ஷால் தேங்கியதை ஒற்றி எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரம்தான் பிறகு ஜெல்கோட்டைச் சுருக்கும். மின்விசிறி வைத்து மூன்று நான்கு மணி நேரம் கூடுதலாக விடுங்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கும் நாளில் ஜெல்கோட் போடாமல் இருப்பதே நல்லது.

ஜெல்கோட் பூசியதும் வட்ட வட்டமாகக் குழி விடுகிறது

எண்ணெய் அல்லது சிலிக்கோன். நிலைக்கும் கதவுக்கும் காலங்காலமாக மஞ்சள், குங்குமம், சந்தனம் வைத்திருப்பார்கள். விளக்கு மாடத்துக்கு அருகிலுள்ள பலகையில் நல்லெண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறியிருக்கும். பளபளப்புக்காக யாராவது தேங்காய் எண்ணெய் தடவியிருப்பார்கள். மேலே பாலிஷும் வேக்ஸும் போட்டாலும், பிசுக்கின் மேல் பாலிஷ் சரியாகப் பிடிக்காமல் அங்கங்கே வாய் திறக்கும்.

ஜெல்கோட் நீர்மமாக இருக்கும்போதே கவனித்தால் உலர்ந்த பருத்தித் துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள். அசிட்டோன் வேண்டாம்; அது வேக்ஸையும் பாலிஷையும் சேர்த்து எடுத்து மரம் வரை போகும். மிச்சம் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் இறுகிய பிறகு தண்ணீர் தொட்ட துணியை அதன் மேல் வைத்தால், அடியிலுள்ள பி.வி.ஏ. கரைந்து படலம் தானே கிளம்பும்.

மறுபடி தொடங்கும்போது துடைப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் தூசு; பிறகு மினரல் டர்பன்டைன் தொட்ட துணியை அடிக்கடி மாற்றி மாற்றிப் பிசுக்கு; பிறகு பிழிந்த ஈரத் துணி; நிழலில் இரண்டு நாள் காயவிடுதல். பழைய மரத்தை நனைத்துக் கழுவக் கூடாது. வர்ணமோ தங்கப் பூச்சோ இருக்கும் பலகையாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், பூச்சு இல்லாத வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மறுநாளும் ஜெல்கோட் இறுகவில்லை

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: கோளாறு கலவையிலா, பலகையிலா? ஜெல்கோட் பூசும்போதே வேக்ஸ் போட்ட மைக்கா துண்டு ஒன்றில் அதே கனத்தில் ஒரு கீற்று பூசி, பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். டப்பாவில் மிஞ்சியதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மொத்தமாக இருக்கும் கலவை தன் சூட்டிலேயே இறுகிவிடும், மெல்லிய பூச்சு அப்படி இறுகாது.

மைக்காவிலும் இறுகவில்லை என்றால் கலவைதான். ஹார்ட்னர் குறைவு, கோபால்ட் விடவே இல்லை, ஹார்ட்னர் வெயிலில் கிடந்து பழசாகிவிட்டது, டப்பாவின் அடியையும் ஓரத்தையும் சுரண்டிக் கலக்கவில்லை, இவற்றில் ஒன்று. கடையில் ரெசின் வாங்கும்போது கோபால்ட் சேர்த்ததா, சேர்க்காததா என்று கேட்டு டின்னிலேயே எழுதி வையுங்கள். இரண்டையும் ஒரே கொட்டகையில் வைத்திருக்கும் இடங்களில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கும்.

மைக்காவில் இறுகி, பலகையில் மட்டும் திட்டுத் திட்டாக நொளுநொளுவென்று இருந்தால் தேக்குதான் காரணம். தேக்கின் எண்ணெய்ப் பசையில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்கள் பாலியஸ்டர் இறுகுவதைத் தடுக்கும். பாலிஷ் விட்டுப்போன இடம், உளி முனையில் திறந்திருக்கும் நாரின் தலைப்பு, புதிதாகச் சிராய்த்த இடம் ஆகிய மூன்றும் முதலில் காட்டிக்கொடுக்கும். நூறு ஆண்டு பழைய மரம்தானே, எண்ணெய் காய்ந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். மேல் தோல் காய்ந்திருக்கும், சுரண்டினால் உள்ளே பசை இருக்கும்.

இரண்டிலும் முதல் உதவி சூடுதான். ஒரு ஹாலோஜன் விளக்கை மூன்றடி தள்ளி வைத்து, கை வைத்தால் இதமாகத் தெரியும் அளவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் காட்டுங்கள். இறுகினால் மேலே போகலாம். இறுகாவிட்டால் மரச்சீவலால் வழித்து, தண்ணீரில் பி.வி.ஏ.வோடு கழுவி எடுத்து, பாலிஷிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மேலாகத் தனி ஹார்ட்னரைத் தடவுவது சில கொட்டகைகளில் உண்டு. அது உள்ளே போய்க் கலக்காது. மேல் தோலை மட்டும் கருக்கிவிட்டு அடியை அப்படியே விட்டுவிடும்.

டப்பாவிலேயே இறுகிவிடுகிறது

சித்திரை, வைகாசியில் இங்கே பிற்பகல் கொட்டகைச் சூடு எளிதாக 38, 40 டிகிரிக்குப் போகும். சூடு 10 டிகிரி ஏறினால் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். 25 டிகிரியில் 20 நிமிடம் தந்த கலவை அங்கே 8 நிமிடம்கூடத் தராது.

நேரம் போதவில்லை என்று ஹார்ட்னரை 1 சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள். மெதுவாக இறுகும், ஆனால் முழுதாக இறுகாமல் அப்படியே நின்றுவிடும். கோபால்ட்டை நீங்களே சேர்ப்பதாக இருந்தால் அதைக் குறையுங்கள். 100 கிராம் ரெசினுக்கு 1 மி.லி. ஹார்ட்னர் ஏறத்தாழ 1 சதவீதம்; மருந்துக் கடையில் கிடைக்கும் 5 மி.லி. சிரிஞ்சால் அளந்தால் போதும். மூடியால் அளப்பதை விட்டுவிடுங்கள். ஜெல்கோட்டுக்கு 12 முதல் 18 நிமிடம், ரெசினுக்கு 20 முதல் 25 நிமிடம் கிடைக்கும்படி, அன்றைய சூட்டில் 100 கிராம் கலந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் கலக்காமல், ஆழமான டப்பாவுக்குப் பதில் அகலமான தட்டில் வையுங்கள். மூடிய ரெசின் டின்னைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி வைத்தால் சில டிகிரி குறையும். எல்லாவற்றையும் விட, காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிப்பதுதான் கோடையில் நிச்சயமான வழி.

டப்பா புகைய ஆரம்பித்தால் வெட்டவெளியில் மண் தரையில் வைத்துவிட்டு விலகுங்கள். அசிட்டோன் துணி கிடக்கும் குப்பைத் தொட்டியில் போட்டால் தீ பிடிக்கும்.

முதல் மேட் போட்டதும் ஜெல்கோட் சுருங்கி முதலைத்தோல் போல ஆகிவிட்டது

மோல்டு வேலையில் அதிகம் பேரை அழவைப்பது இதுதான். பெரும்பாலும் கழற்றிய பிறகுதான் தெரியும். காரணம் ஒன்றே: அரைகுறையாக இறுகிய ஜெல்கோட்டுக்குள் மேலே போட்ட ரெசினின் ஸ்டைரீன் ஊறி, அதை உப்ப வைக்கிறது, உப்பிய படலத்துக்கு இடம் போதாமல் மடிப்பு விழுகிறது. ஜெல்கோட் ஏன் அரைகுறையாக இருந்தது என்பதில்தான் விதவிதமான விடைகள்.

மெல்லியதாகப் பூசியிருக்கலாம். 0.3 மி.மீ.க்குக் குறைந்த படலத்தில் சூடு தங்காது, ஸ்டைரீனும் பறந்துபோகும்; எத்தனை மணி நேரம் விட்டாலும் அது முழுதாக இறுகாது. செதுக்கலில் இது மேடுகளின் முனையில் நடக்கும், ஏனென்றால் பிரஷ் இழுக்கும்போது ஜெல்கோட் முனையை விட்டுப் பள்ளத்துக்கு ஓடிவிடும். சுருக்கம் முனைகளில் மட்டும் வரிசையாக இருந்தால் இதுதான் என்று அடித்துச் சொல்லலாம். முதல் கையை ஒரு நிறத்திலும் இரண்டாம் கையை வேறு நிறத்திலும் போட்டால் விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரியும். கறுப்பின் மேல் பச்சை நல்ல ஜோடி. இரண்டு கையும் சேர்ந்து 0.6 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும்.

அடுத்தது, இரண்டாம் கையின் நேரம். முதல் கைப் பூச்சு தொட்டால் விரலில் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் நிறம் வரக் கூடாது. நிறம் வரும்போதே இரண்டாம் கையைப் போட்டால் முதல் கை சுருங்கும். இரண்டாம் கைக்குப் பிறகு மேட் போடுவதற்கும் இதே சோதனைதான். மார்கழிக் காலையில் இதற்கு மூன்று மணி நேரம் ஆகலாம், சித்திரையில் முக்கால் மணியில் ஆகிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் விரலை நம்புங்கள். சோதனையை ஃப்ளாஞ்சில் செய்யுங்கள், பூவேலையின் மேல் வேண்டாம்.

ஈரம் மூன்றாவது: காயாத பி.வி.ஏ., அல்லது பிரஷ் கழுவிய அசிட்டோன் சொட்டியது. சுருக்கம் பள்ளத்திலும் சொட்டுச் சொட்டாகவும் இருந்தால் இங்கே தேடுங்கள்.

மேட் போடுவதற்கு முன்பே சுருக்கம் கண்ணில் பட்டால் நிறுத்திவிடுங்கள். மேலே ஜெல்கோட் பூசி மூடினால் சுருக்கம் போகாது. முழுக்க இறுகவிட்டு, தண்ணீர் வைத்து உரித்தெடுத்து மறுபடி செய்வதே வழி. கழற்றிய பிறகு கண்டால், தட்டையான இடத்தில் இரண்டொரு சுருக்கம் என்றால் அதைச் சீவியெடுத்து ஜெல்கோட் நிரப்பி, 400, 800, 1200 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்க்கலாம். பூவேலை முழுக்கச் சுருங்கியிருந்தால் மோல்டை ஒதுக்கிவிடுங்கள். அதைத் தேய்த்துச் சரிசெய்யும் நேரத்தில் இரண்டு மோல்டு எடுக்கலாம், பூவேலையின் கூர்மையும் மிஞ்சாது.

ஜெல்கோட் ஓரத்தில் தானாகக் கிளம்பிவிட்டது

சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் இருந்தால், அல்லது ஹார்ட்னர் அதிகமாகி இருந்தால், படலம் இறுகும்போது சமமில்லாமல் சுருங்கிப் பலகையை விட்டு எழும். ஜெல்கோட்டை மட்டும் பூசிவிட்டு மறுநாளைக்கு என்று போய்விட்டாலும் இதே கதிதான். பூசிய அன்றே 300 மேட்டைப் போட்டு ரோலர் ஓட்டிவிட வேண்டும். ஃப்ளாஞ்சில் மட்டும் கிளம்பியிருந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, புதிதாகப் பூசி மேலே போகலாம். பூவேலைக்குள் கிளம்பியிருந்தால் அங்கே உருவம் நகர்ந்துவிட்டது. தட்டி உட்காரவைத்தாலும் பழைய இடத்தில் உட்காராது.

ஜெல்கோட்டுக்குப் பின்னால் காற்றுக் குமிழி

மோல்டைக் கழற்றி நாணயத்தின் விளிம்பால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், குமிழி இருக்கும் இடத்தில் ஓசை வெறுமையாகக் கேட்கும். முதல் நகலை எடுக்கும்போது அந்த இடம் உடைந்து குழியாகும்.

மேட் கூர்மையான மூலைக்குள் மடங்காது. 3 மி.மீ. வளைவுக்கும் குறுகலான இடத்தில் அது விறைத்து எழுந்து நிற்கும், அடியில் காற்று தங்கும். செதுக்கலில் அப்படிப்பட்ட மூலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பதால் மேட்டுக்கு முன்பே அவற்றை நிரப்ப வேண்டும்: ரெசினில் ஏரோசில் பவுடரைக் கலந்து, பிரஷ்ஷில் எடுத்தால் வழியாத பதத்துக்குக் கொண்டுவந்து, மேட்டிலிருந்து பிய்த்த நாரை அரை அங்குலத்துக்கு நறுக்கிக் கொஞ்சம் சேர்த்து, பள்ளங்களில் ஒற்றி மழுங்கலாக்குங்கள். அது ஜெல் ஆனதும் 300 மேட். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்து, உள்ளங்கை அளவுத் துண்டுகளாகப் போட்டால் ஓரங்கள் ஒன்றோடொன்று இழைந்து படியும். பிரஷ்ஷைத் தேய்க்காமல் குத்திக் குத்தி ஈரமாக்குங்கள். தேய்த்தால் நார் இடம் மாறும். அன்றைக்கு அந்த ஓர் அடுக்கோடு நிறுத்துங்கள். மறுநாள் வெள்ளையாகத் தெரியும் குமிழிகளைக் கத்தியால் திறந்து நிரப்பிவிட்டு, 80 நம்பர் பேப்பரில் தேய்த்து, அதன் பிறகே 450.

450 மேட்டை ஒரே மூச்சில் நான்கு அடுக்கும் போட்டால் சூடு ஏறும். மோல்டு வளையும், சில சமயம் பழுப்பேறி விரிசல் விடும், அடியிலுள்ள வேக்ஸும் உருகும். இரண்டு அடுக்கு, அது இறுகி ஆறிய பிறகு இரண்டு அடுக்கு.

கழற்ற வரவில்லை

அவசரம் இங்கேதான் பலகையைக் கொல்லும். உளி, திருப்புளி, கடப்பாரை எதையும் அருகில் வைக்காதீர்கள்.

முதலில் ஃப்ளாஞ்சின் விளிம்பை வெட்டிச் சுத்தப்படுத்துங்கள். விளிம்பில் வழிந்து பலகையின் பின்புறம் பிடித்திருக்கும் ஒரு விரல் அகல ரெசினே பல சமயம் முழு மோல்டையும் பிடித்து வைத்திருக்கும். பிறகு பிளாஸ்டிக் அல்லது மூங்கில் ஆப்புகளை நான்கு பக்கமும் கையாலேயே செருகி, அரை மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். இடைவெளி கிடைத்ததும் சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் பி.வி.ஏ. கரையத் தொடங்கும். இரவு முழுக்க அப்படியே ஆப்போடு விடுங்கள். காலையில் பாதி தானே பிரிந்திருக்கும். தண்ணீரைக் கொஞ்சமாக விடுங்கள், பலகை ஊறக் கூடாது. காற்றுக் கம்ப்ரசர் இருந்தால் மெல்லிய காற்றாகக் கொடுக்கலாம். மோல்டின் பின்புறத்தில் ரப்பர் சுத்தியலால் அகலமாகத் தட்டலாம், பலகையின் மேல் ஒரு தட்டுகூட வேண்டாம்.

ஒரு நாள் முழுக்கப் பார்த்தும் ஒரே இடத்தில் மட்டும் பிடித்திருந்தால் அது அண்டர்கட் அல்லது வேக்ஸ் படாத பள்ளம். இந்த நிலையில் மோல்டை வெட்டிவிடுங்கள். பிடித்திருக்கும் இடத்தைச் சுற்றி, கட்டிங் பிளேடை 4 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் வைத்து அறுத்து, கடைசி மில்லிமீட்டரைக் கையால் முறித்து, துண்டு துண்டாக எடுங்கள். அந்தத் துண்டுகள் பிறகு போல்ட் போட்டு இணைக்கும் இரண்டு பாக மோல்டுக்கு வழிகாட்டியாகவும் ஆகும். பிரிப்புக்கோடு எங்கே வர வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது: அங்கே 50 மி.மீ. ஃப்ளாஞ்ச் எழுப்பி, 150 மி.மீ.க்கு ஒரு போல்ட்.

கழற்றிய மோல்டில் தெரிபவை

ஊசித்துளைகள்: ஜெல்கோட்டை வேகமாகக் கலக்கியதில் அடைபட்ட காற்று, அல்லது ஒரே கையில் தடிமனாகப் பூசியது. கலக்கிய பிறகு இரண்டு நிமிடம் விட்டுவிட்டுப் பூசுங்கள். துளைகளை ஜெல்கோட்டால் நிரப்பித் தேய்த்தால் போதும்.

மேட்டின் நார் அச்சு மேலே தெரிவது: சீக்கிரம் கழற்றியது, அல்லது கனமான அடுக்கு முதலிலேயே போனது. வோவன் ரோவிங்கை (நெய்த கண்ணாடி இழைத் துணியை) ஜெல்கோட்டுக்கு அடுத்தபடியாகப் போட்டிருந்தால் கட்டம் கட்டமாகவே தெரியும். பூவேலைக்கு இது பெரிய குறையில்லை. தட்டையான விளிம்புகளை மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பின்புறம் பிசுபிசுப்பு: பாலியஸ்டரின் காற்றுபடும் முகம் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். கடைசி அடுக்கு ரெசினில் வேக்ஸ் கரைசல் சேர்த்தால் காயும். அதை நடு அடுக்குகளில் சேர்த்துவிட்டால் அடுத்த அடுக்கு ஒட்டாது.

மோல்டு முறுக்கிக்கொண்டது: பின்புறச் சட்டம் இல்லாமல் கழற்றியது. சட்டத்தைப் பலகையில் இருக்கும்போதே, எல்லா அடுக்கும் இறுகி ஆறிய மறுநாள் வைக்க வேண்டும். ஒரு அங்குல இரும்புக் குழாயை நேராக மோல்டில் பதிக்காமல், இடையே ரப்பர் பட்டை வைத்து, மேலே மேட் துண்டுகளால் கட்டுங்கள். நேராகப் பதித்தால் குழாயின் கோடு முன்புறம் தெரியும்.

பலகை வெளுத்துவிட்டது, நிறம் மாறிவிட்டது

வெள்ளைப் பூத்தது போல் இருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. பி.வி.ஏ.வில் தண்ணீரும் ஆல்கஹாலும் இருக்கும். அவை அரக்கு பாலிஷில் வெளுப்பை உண்டாக்கும். மிச்ச பி.வி.ஏ.வை ஈரத் துணியால் துடைத்து, ஒரு வாரம் காயவிட்டு, வேக்ஸை மினரல் டர்பன்டைனில் எடுத்து, பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் அரக்கைக் கரைத்து எடுங்கள். அரக்கு பாலிஷைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான். பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் மோல்டுக்கு இன்னும் நல்ல தளம் தரும், ஆனால் மரத்திலிருந்து அதைத் திரும்ப எடுக்கச் சுரண்டத்தான் வேண்டும். தூக்கிப்போடப்போகும் மாதிரிக்கு அது சரி. வளவில் திரும்ப மாட்டப்போகும் பலகைக்குச் சரியில்லை.

நிறம் கறுத்திருந்தால் கரைப்பான் நாருக்குள் இறங்கியிருக்கிறது. மேலும் எதையும் தடவாமல் காற்றோட்டத்தில் விடுங்கள். இதைத் தவிர்க்க ஒரே வழி, பலகையின் பின்புறத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் பாலிஷ், வேக்ஸ், பி.வி.ஏ., ஜெல்கோட் என்று முழு வரிசையையும் முன்கூட்டிச் செய்து, இரண்டு நாள் கழித்து உரித்துப் பார்ப்பது. அந்தச் சோதனை பிடிப்பு, இறுகாமை, நிறமாற்றம் மூன்றையும் ஒரே நேரத்தில் காட்டிவிடும்.

முதல் நகல் மோல்டில் ஒட்டிக்கொண்டது

புது மோல்டின் முகத்தில் ஸ்டைரீன் சில நாள் மிச்சம் இருக்கும். அதன் மேல் ஊற்றும் புது ரெசின் எளிதாகப் பிடிக்கும். கழற்றிய மோல்டை சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு வாரம் வைத்து, ஆறு கை வேக்ஸும் பி.வி.ஏ.வும் போட்ட பிறகே முதல் வார்ப்பு. முதல் மூன்று நான்கு நகல்களுக்கு ஒவ்வொரு முறையும் வேக்ஸ் ஒரு கையும் பி.வி.ஏ.வும் வேண்டும். அதன் பிறகு பி.வி.ஏ.வை விட்டுவிடலாம், நுணுக்கமும் கூடும். நகலுக்கு ஜெல்கோட்டோடு 450 மேட் இரண்டு அடுக்கு போதும், 2 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். மரத்துக்குப் பக்கத்தில் வைக்கப்போவதால் ஜெல்கோட்டின் நிறத்தைப் பலகையின் கறுத்த பள்ளத்துக்குப் பொருத்துங்கள். தேய்ந்த மேடுகளின் வெளிர் நிறத்தைப் பிறகு மேலாகத் தொட்டுக்கொள்ளலாம். மோல்டை வைக்கும்போது முகம் மேலே, சட்டம் தரையில். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு கோடைக்குள் வளைந்துவிடும்.